தண்ணீர் விடாத முடிச்சு

அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை.
விசைப்படகுகள் வரிசையாய் மூக்கு உரசிக் கிடக்க
சீட்டாட்டம் ஐந்தாம் நாளே சலித்து
பாம்பன் தெற்குவாடியில்
என் சாயப்பட்டறை வாசலுக்கு வந்தான்
கொழுந்தன் இன்னாசி.
“முடிச்சுப் போடுற வேலைதானே மதினி,
எனக்கென்ன சொல்லித் தரணுமா?”

பழைய சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாய்க் கீறிக் கொடுத்தேன்.
கட்டையில் விறைத்து நின்றது பாவு நூல்.
கரியால் நான் குறித்திருந்த இடமெல்லாம் கட்டவேண்டும்.
கட்டிய இடம் வெள்ளை.
கட்டாத இடம் சிவப்பு.
“இவ்வளவுதான்” என்றேன்.
“இவ்வளவுதானா” என்றான்.

மூன்று நாளில் முன்னூறு கட்டு.
அந்த விரல்கள் ஓடிய வேகத்தில்
எனக்கே கொஞ்சம் வயிறு எரிந்தது.

சாயவேர், கருப்பாயி தோண்டி வந்தது.
ஊசிக் கனம், ஒரு முழ நீளம்,
நிறமெல்லாம் தோலில்தான்.
கிளிஞ்சல் நொறுங்கிய மணலில் விளைந்ததென்றால் கூடை நூறு ரூபாய் அதிகம் கேட்பாள்.
“மத்த மண்ணுல வெளஞ்சா அது செவப்பில்ல தாயி,
செங்கல்லு.”
பேரம் பேசிப் பார்த்திருக்கிறேன்.
செங்கல்லும் பார்த்திருக்கிறேன்.

நூலுக்குக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ராத்திரி,
படிகாரத்தில் ஒரு ராத்திரி.
பிறகு அண்டாவில் வேர் கொதிக்க
தெருவே ஈர மண்ணும் புளித்த சோறுமாய் மணந்தது.
மூன்று முக்கு, மூன்று வெயில்.

அவிழ்த்தோம்.
வெள்ளை மீன்கள் வரவேண்டிய இடத்தில்
கண்வலி வந்த கண்கள்.
முன்னூறு கண்கள்.

“நழுவிருச்சா? இழுத்துப் பாருங்க.”
அவிழ்க்காத கட்டுகளை இழுத்தேன்.
ஒன்றுகூட அசையவில்லை.
கத்தி வைத்தால்தான் வரும்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு அவனே சிரித்துவிட்டான்.
பிறந்ததிலிருந்து அவன் போட்டதெல்லாம்
தண்ணீரைப் போகவிட்டு
மீனைப் பிடிக்கிற முடிச்சு.
நான் கேட்டதோ
தண்ணீரைப் பிடித்துவைத்து
மீனை விட்டுவிடுகிற முடிச்சு.

என் கட்டும் கசியும், பொய் சொல்லமாட்டேன்.
ஓரத்தில் ஒரு மயிரிழை,
கோடு மூச்சு விட்டதுபோல.
அந்த மயிரிழைக்குத்தான்
கீழக்கரை ஜொஹராம்மா காசு தருகிறார்.
அதற்கு மேலே கசிந்தால்
அதே ஜொஹராம்மா அதை அழுக்கு என்பார்.

பாதிக் கூலி கொடுத்தேன்.
முறைக்காமல் வாங்கிக்கொண்டான்.
கெட்டுப்போன நூலையும் கேட்டான்,
கை நிறைய டியூப் நாடாவும்.
எதற்கென்று கேட்கவில்லை,
பாதிக் கூலி கொடுத்தவள் என்ன கேட்பது.

ஆனி பிறக்கும் முன் நள்ளிரவில்
எல்லா எஞ்சினும் ஒன்றாய் இருமிக் கிளம்பின.
பட்டறையில் மறுபடி நானும் அண்டாவும்.

ஐப்பசியில் ஒரு காலை நண்டு வாங்கக் கரைக்குப் போனேன்.
படகு போகாத நாளில் இன்னாசிக்கு நண்டு வலை.
குவிந்து கிடந்தன ஊரார் மிதவைகள், எல்லாம் ஒரே வெள்ளை.
அவனுடையதில் மட்டும்
கழுத்தைச் சுற்றி என் நூல்,
நூலின் மேல் டியூப் கட்டு.

“அடையாளத்துக்கு” என்றான்,
நண்டின் காலைக் கட்டிக்கொண்டே.

ஒன்றை எடுத்து அவிழ்த்தேன்.
இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
முடிவை உள்ளே செருகி,
அது என் கட்டு.
எப்போது பார்த்தானோ.

நாலு மாத உப்பு, நாலு மாத வெயில்.
கட்டாத இடம் வெளுத்திருந்தது.
கட்டிய இடம் சிவப்பு,
அண்டாவிலிருந்து அன்றைக்கு எடுத்த சிவப்பு.

ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.
கசிந்துதான் இருந்தது,
ஜொஹராம்மா காசு தரும் அளவுக்கு.